39 வயதில் பத்தாவது தனித்தேர்வு: டி.சி. தொலைந்துவிட்டது, செய்முறைப் பதிவுக்கு 9 நாள்தான் இருக்கிறது. வழி சொல்லுங்கள்

செல்வி_தேனி

எல்லோருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் 8 வருடமாகச் சத்துணவு சமையல் உதவியாளராக இருக்கிறேன். ஒன்பதாவது முடித்ததோடு 2001-இல் படிப்பு நின்றது. அந்த வருடம் அப்பா இறந்துவிட்டார், அதற்கு மேல் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. இப்போது என் மகள் பத்தாவது படிக்கிறாள். அமைப்பாளர் பதவிக்குப் பத்தாவது தேர்ச்சி கேட்கிறார்கள், மகளின் புத்தகங்களும் வீட்டிலேயே இருக்கின்றன, அவளோடு சேர்ந்து இந்த முறை தனித்தேர்வராக எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், ஊரில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தபோது 14,000 ரூபாய் கட்டினால் போதும், செய்முறை வகுப்புக்கெல்லாம் நீங்கள் வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவ்வளவு பணமும் என்னிடம் இல்லை, அந்தப் பேச்சும் சரியாகப் படவில்லை. எங்கள் பள்ளி அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர்தான், அக்கா, முதலில் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்றார். இன்னும் 9 நாள் இருக்கிறது.

பழைய டி.சி. வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. நான் படித்த பள்ளி திண்டுக்கல் பக்கம். ஆதாரில் கணவர் பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக இருக்கிறது, பிறந்த தேதியும் அட்டை எடுத்தபோது 01.01.1985 என்று போட்டுவிட்டார்கள். பள்ளியில் 1986 ஜூன் என்று கொடுத்ததாக நினைவு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு பதிவு செய்ய முடியுமா? இந்த வருடம் கைவிட்டுப் போய்விடுமா?

பழைய_தலைமையாசிரியர்

கைவிட்டுப் போகாது அம்மா, ஆனால் நாளைக்கே கிளம்ப வேண்டும்.

தனித்தேர்வில் பலரும் இடறுவது இந்த இடத்தில்தான். தேர்வுக்கு விண்ணப்பிப்பது வேறு, அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிவது வேறு. முதல்முறை எல்லாப் பாடமும் எழுதுகிறவர்கள் முதலில் மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் செய்முறைக்குப் பதிய வேண்டும், அவர்கள் ஒதுக்கும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும், 80 சதவீத வருகை இருக்க வேண்டும். அப்புறம்தான் தேர்வு விண்ணப்பம். மார்ச் தேர்வுக்கு வழக்கமாக டிசம்பர், ஜனவரி வாக்கில் அழைப்பார்கள். டிசம்பரில் ஆசையாக வந்து நின்று, செய்முறைப் பதிவு இல்லை என்பதால் திரும்பிப் போனவர்களை நான் பணியில் இருந்த காலத்தில் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது. உங்கள் டீச்சர் சரியான நேரத்தில் சொல்லியிருக்கிறார்.

செய்முறை வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லும் இடத்துக்குப் பத்து பைசா கூடக் கொடுக்காதீர்கள். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 தனித்தனியாக எடுத்தால்தான் தேர்ச்சி. எழுத்தில் எழுபது வாங்கினாலும் செய்முறை இல்லாமல் அறிவியல் தேறாது.

டி.சி. விஷயம். நீங்கள் படித்த பள்ளிக்கு நேரில் போங்கள், போனில் கேட்டால் பார்க்கிறேன் என்பதோடு முடிந்துவிடும். சேர்க்கை நீக்கல் பதிவேடு என்று பெரிய பேரேடு இருக்கும், அதை எந்தப் பள்ளியும் அழிக்கக் கூடாது. சேர்ந்த வருடம், விலகிய வருடம், அப்பா பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் தேட எளிது. தொலைந்ததற்குச் சான்று கேட்பார்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுக்கலாம், அதை அச்செடுத்து, டூப்ளிகேட் டி.சி. கேட்டு ஒரு கடிதத்தோடு கொடுங்கள். சில தலைமையாசிரியர்கள் காவல் நிலையச் சான்றுதான் வேண்டும் என்பார்கள். அப்படிச் சொன்னால் வாதாட வேண்டாம், அன்றைக்கே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

ஆட்டோ_முருகன்44

அக்கா, நான் 44 வயதில் எழுதிப் பாஸ் செய்தவன். மதுரையில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. வயசைப் பற்றிக் கவலையே வேண்டாம், பதினாலரை வயது முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு, மேலே வரம்பு கிடையாது. என் செய்முறை வகுப்பில் என்னைவிடப் பெரியவர் ஒருவர் இருந்தார்.

இனிஷியலுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் டி.சி.யில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து. டி.சி.யில் உள்ளபடியே பதிந்தார்கள். நீங்களும் அப்பா இனிஷியலோடு டி.சி.யில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், ஒரு புள்ளி கூட மாற்ற வேண்டாம்.

கடல்காற்று

செல்வி அக்கா, இன்னொரு வழியும் இருக்கிறது, தேசிய திறந்தநிலைப் பள்ளி. டி.சி. கிடைக்கவே இல்லையென்றால் அதைப் பாருங்கள். 14 வயது முடிந்தவர் யாரும் சேரலாம், படித்ததற்குச் சான்று இல்லாவிட்டால் சுய உறுதிமொழி கொடுக்கலாம், பிறந்த தேதிக்கு மட்டும் ஆதாரம் வேண்டும். தமிழ் வழியில் எழுதலாம். 5 பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், கணக்கு பயமென்றால் எடுக்காமலே விடலாம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஒருமுறை சேர்ந்தால் 5 வருடம் செல்லும், ஒவ்வொரு பாடமாகக் கூட முடிக்கலாம். என் அண்ணி இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அப்படித்தான் முடித்தார்.

பழைய_தலைமையாசிரியர்

கடல்காற்று சொல்வது நல்ல வழி, பலருக்கு அதுதான் பொருந்தும். ஆனால் செல்விக்கு வேண்டியது இங்கே மாநில அரசுப் பதவி. அந்தச் சான்றிதழை அந்தப் பதவிக்கு ஏற்றுக்கொள்வார்களா என்று பணி நியமனம் செய்யும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சேர வேண்டும். டி.சி. கிடைக்க வாய்ப்பு இருக்கும்போது எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிடுவதுதான் என் யோசனை. அந்தக் கேள்வியே எழாது.

இன்னொன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. பத்தாவது, பன்னிரண்டாவது இல்லாமலே நேராகப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். பத்தும் பன்னிரண்டும் முடித்து வாங்கிய பட்டத்தைத்தான் தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வருடமும் பணமும் போன பிறகு வந்து அழுதவர்கள் உண்டு.

செல்வி_தேனி

இன்று லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போய் வந்தேன். ஐயா சொன்னபடி எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போனதால் எழுத்தர் ஒரு மணி நேரத்தில் பேரேட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது, என் பெயர் இருந்த வரி நன்றாக இருந்தது. பிறந்த தேதி 14.06.1986. அப்புறம் பழைய டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையையும் எடுத்துக் காட்டினார். அதில் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அம்மாவின் கைரேகை. ஊதா மை, கொஞ்சம் இழுபட்டிருந்தது. அம்மாதான் வந்து வாங்கியிருக்கிறார், எனக்கு அது நினைவே இல்லை. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

காவல்துறை அறிக்கையை நேற்றே அச்செடுத்து வைத்திருந்தேன், தலைமையாசிரியர் அதை ஏற்றுக்கொண்டார். நாளை மறுநாள் வந்து டூப்ளிகேட் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இப்போது சந்தேகம், ஆதாரில் 1985, டி.சி.யில் 1986. முதலில் ஆதாரைத் திருத்திவிட்டுப் போகட்டுமா?

பழைய_தலைமையாசிரியர்

இப்போது தொடாதீர்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்த விடுவார்கள். அந்த ஒரு வாய்ப்பை அவசரத்தில் செலவழிக்க வேண்டாம். டி.சி.யில் உள்ள தேதிதான் மதிப்பெண் சான்றிதழில் வரும், இனி ஆயுளுக்கும் எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்ததும் அதையே ஆதாரமாகக் காட்டி ஆதாரை மாற்றிக்கொள்ளலாம்.

டூப்ளிகேட் வாங்கும்போது அந்த இடத்திலேயே நின்று பெயர், இனிஷியல், தேதி, அப்பா பெயர் நான்கையும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. சான்றிதழில் ஏறிவிட்டால் வருடக்கணக்கில் அலைய வேண்டும்.

ஆட்டோ_முருகன்44

செய்முறை விண்ணப்பத்தை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் எடுத்து இரண்டு பிரதி பூர்த்தி செய்து கொண்டு போங்கள் அக்கா. பதிவுக் கட்டணத்துக்குச் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கல்வி அலுவலகத்தில் நான் போனபோது மத்தியானம் ஆள் இல்லை, காலையில் போவது நல்லது.

செல்வி_தேனி

பதிவு முடிந்தது! கடைசித் தேதிக்கு 3 நாள் முன்னாடி. வீட்டிலிருந்து 6 கிலோமீட்டரில் ஒரு மேல்நிலைப் பள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் மிகவும் நன்றி.

இப்போது அடுத்த பயம், கணக்கு. மகள் வீட்டுப்பாடம் செய்வதைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கணக்கு_டீச்சர்_ரா

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள் அக்கா, அங்கேதான் பலரும் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். வினாத்தாளின் கடைசிப் பகுதியில் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். 100 மதிப்பெண்ணில் 16 வெறும் வரைவதற்கு. செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. வடிவொத்த முக்கோணம், உச்சிக்கோணம் கொடுத்து முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு, எல்லாம் திரும்பத் திரும்ப வரும் வகைகள். கை பழகினால் போதும், சேலையில் கோலம் தைப்பவர்களுக்கும் வாசலில் புள்ளிக் கோலம் போடுபவர்களுக்கும் இது சீக்கிரம் வந்துவிடும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்து ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் இருப்பவற்றைத் தினமும் பத்து போட்டுப் பாருங்கள். இந்த இரண்டிலும் சேர்த்து 30. தேர்ச்சிக்கு 35 தான். மீதிக்கு இரண்டு மதிப்பெண் வினாக்களில் பத்து எழுத வேண்டும், அதில் உங்களுக்கு வரக்கூடியதை எழுதினாலே தாண்டிவிடலாம். எல்லா ஒரு மதிப்பெண்ணும் சரியாக வராது, அதனால் 45-க்குக் குறி வையுங்கள்.

பென்சிலைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைப் பென்சிலில் வரைந்தால் அளவு தப்பும். கவராயம் ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடல்காற்று

கல்வித் தொலைக்காட்சியில் வரும் பத்தாம் வகுப்புப் பாடங்களையும் பாருங்கள் அக்கா, சமைத்துக்கொண்டே காதால் கேட்டால் கூடச் சமூக அறிவியல் பாதி மனசில் நின்றுவிடும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் மனப்பாடப் பாட்டை விட்டுவிடாதீர்கள், அது கையில் இருக்கும் மதிப்பெண்.

செல்வி_தேனி

நாலு சனிக்கிழமை செய்முறை வகுப்பு முடிந்தது, ஒன்று கூடத் தவறவில்லை. எங்கள் குழுவில் 11 பேர், இரண்டு பேர் என் மகள் வயசு, ஒருவர் மில்லில் வேலை பார்ப்பவர். முதல் நாள் சோதனைக் குழாயைப் பிடிக்கவே கை நடுங்கியது.

போன வாரம் உப்பின் நீரேற்றம் பார்க்கும் சோதனை. மயில்துத்தத்தைக் குழாயில் போட்டுச் சூடாக்கினோம். அந்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆனது, குழாயின் உள்பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்து நின்றன. ஆறிய பிறகு சார் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடச் சொன்னார். விட்டதும் அதே நீலம் திரும்ப வந்துவிட்டது. படிகத்துக்குள்ளே தண்ணீர் இருந்தது, அது போனதால் நிறம் போனது என்றார். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன், அவளும் அதே சோதனையை அதே வாரம் பள்ளியில் செய்திருக்கிறாள். இரண்டு பேரும் ராத்திரி பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஆட்டோ_முருகன்44

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது அக்கா. டிசம்பரிலிருந்து செய்தித்தாளைத் தினமும் பாருங்கள், விண்ணப்பத் தேதி அறிவிப்பார்கள். அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும், போட்டோ அங்கேயே எடுப்பார்கள். தேதி தவறினால் தக்கல் உண்டு, ஆனால் கூடுதலாக 500 ரூபாய் கட்ட வேண்டும். ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், அதில் இருக்கும் விண்ணப்ப எண்ணை வைத்துத்தான் ஹால் டிக்கெட் எடுக்க முடியும்.

செல்வி_தேனி

விண்ணப்பித்துவிட்டேன். தக்கல் இல்லாமல், அறிவித்த மூன்றாம் நாளே. சேவை மையத்தில் டி.சி.யைப் பார்த்துத்தான் பெயரும் தேதியும் பதிந்தார்கள், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள், ஐயா சொன்ன மாதிரி நான்கையும் விரல் வைத்துப் படித்தேன். சரியாக இருந்தது.

ஒப்புகைச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். விண்ணப்ப எண்ணை மகளின் கணக்கு நோட்டு முதல் பக்கத்திலும் எழுதிவிட்டேன். அவள் தேர்வு எண் வந்ததும் அதன் கீழேயே எழுதிக்கொள்வாளாம்.