முதல் சமையலறைக்கு 2,000 ரூபாயில் மளிகை: வழி சொல்லுங்கள்

அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். தர்மபுரியில் வேலை கிடைத்து, போன வாரம்தான் தனிக்குடித்தனம் வந்தோம். அடுக்களையில் இப்போதைக்கு இருப்பது அம்மா கொடுத்த அஞ்சறைப்பெட்டி மட்டும். அதிலும் கடுகும் வெந்தயமும் பாதிப் பாதி. மஞ்சள்தூள் அடியில் ஒட்டிக் கிடக்கிறது.

ரேஷன் அட்டை இன்னும் வரவில்லை. வந்தால் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகியும் வாங்கலாம். அதுவரை இந்த மாதத்தை 2,000 ரூபாயில் ஓட்ட வேண்டும். காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது, அந்தக் கவலை இல்லை.

எனக்குக் குழப்பமே புளியிலும் ராகியிலும்தான். நம் பக்கத்துப் புளியைக் கொட்டை எடுத்து, உப்பு சேர்த்துப் பானையில் அடைத்தால் வருடம் தாங்கும் என்று பாட்டி சொல்வார். இரண்டு பேருக்கு எத்தனை கிலோ போதும்? ராகியை மாவாக வாங்கவா, தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைக்கவா? மாவில் சீக்கிரம் வண்டு விழுகிறதே. களிக்கு எந்த அரைப்பு நன்றாக இருக்கும்?

சாமையும் வாங்க ஆசை, ஆனால் பருப்பும் எண்ணெயும் முதலில் வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் மாதம் நீங்கள் எதை வாங்கினீர்கள், எதைத் தள்ளிப்போட்டீர்கள் என்று எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.