மின்னலுக்குப் பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?

ஃபியூஸ் போனவன்:
போன வாரம் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. வீட்டின் மேல் இல்லை. ஆனால் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே ஒரு நொடிகூட இல்லை. சிற்றலை ரேடியோவின் பிளக்கை முன்கூட்டியே பிடுங்கியிருந்தேன். ரவுட்டர், திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது. இப்போது ரவுட்டரில் விளக்கெல்லாம் எரிகிறது, கணினிக்குப் போகும் லேன் போர்ட் மட்டும் செத்துவிட்டது. ரேடியோ ஆன் ஆகிறது, ஆனால் செவிடு. வலுவான நிலையங்கள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகின்றன. பிடுங்கியதும் போனது, புரொடெக்டர் போட்டதும் போனது. எதைத்தான் நம்புவது?

சிற்றலைப் பித்தன்:
ஏரியலைக் கழற்றினீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

ஃபியூஸ் போனவன்:
இல்லை. 20 மீட்டர் கம்பி, மாட்டியபடியே இருந்தது.

சிற்றலைப் பித்தன்:
அப்படியானால் நீங்கள் பாதிதான் பிடுங்கியிருக்கிறீர்கள். பக்கத்தில் விழும் மின்னலே அந்த நீளக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். ஏரியலை ஒட்டி முதலில் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு அதில் சிறு பங்கே போதும்.

என் கட்சி எளிமையானது: எல்லாக் கம்பியையும் கழற்று. மின்னலின் உச்ச மின்னோட்டம் சாதாரணமாகவே சுமார் 30,000 ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இருக்கும் பொத்தான் அளவு வேரிஸ்டர் (மிகை வோல்ட்டைத் திருப்பிவிடும் வில்லை) யானைப் பசிக்குச் சோளப்பொரி. சுவிட்சை அணைத்தேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிலோமீட்டர் கணக்கில் காற்றைத் தாண்டி வந்தது, உங்கள் சுவிட்சின் சில மில்லிமீட்டர் இடைவெளியைப் பார்த்தா நின்றுவிடும்?

எர்த் கம்பி:
பித்தன் ஐயா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆளில்லாதபோது யார் வந்து கழற்றுவார்கள்? நியூயார்க்கின் வானளாவிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆண்டுக்குச் சுமார் 20 தடவை மின்னல் விழுகிறது. உச்சியில் ஒலிபரப்பு ஆன்டெனாக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மேகத்துக்கும் ஏறிப்போய் யாரும் கேபிளைப் பிடுங்குவதில்லை.

என் கட்சி: எல்லாவற்றையும் ஒரே எர்த்தோடு கட்டு. பொருளைச் சாகடிப்பது வோல்ட் வித்தியாசம். வெள்ளம் ஏறினால் படகும் ஏறும், படகிலுள்ள பானையும் ஏறும், பானைக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பானையைக் கயிறு போட்டுக் கரையோடும் கட்டிவைத்தால்தான் உடையும். அந்த ரவுட்டருக்கு ஒரு கால் மின்கம்பியில், இன்னொரு கால் லேன் கேபிள் வழியே அடுத்த அறைக் கணினியில். இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய வளையம். புரொடெக்டர் காத்தது முதல் காலை மட்டும்.

சிற்றலைப் பித்தன்:
கோபுரக் கதையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வீட்டு எர்த் பெரும்பாலும் ஒரு கம்பி, ஒரு குழி. அது போதும் என்கிறீர்களா?

எர்த் கம்பி:
போதாது, ஒப்புக்கொள்கிறேன். இன்னும் மோசமான விஷயம் கம்பியின் நீளம். திடீரென ஏறும் மின்னோட்டத்தைக் கம்பி எதிர்க்கும். அந்தக் குணம் (இண்டக்டன்ஸ்) நேரான கம்பியில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி. மின்னோட்டம் ஒரு மைக்ரோ நொடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால், ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் நிற்கும். மல்டிமீட்டரில் ஓம் பார்த்து ‘எர்த் சூப்பர்’ என்பவர்களுக்கு இது தெரிவதில்லை. அதனால்தான் அரெஸ்டரிலிருந்து (ஏரியலில் வரும் மின்னலை எர்த்துக்குத் திருப்பும் கருவி) எர்த்துக்குப் போகும் கம்பி குட்டையாக, சுருட்டாமல், வளைக்காமல் இருக்க வேண்டும்.

நடுநிசி வாசகி:
இடையில் நுழைகிறேன். ரேடியோவுக்குத் தனி எர்த் போட்டால் இரைச்சல் குறையும் என்று வயரிங் செய்தவர் சொன்னார். வீட்டு எர்த் முன்பக்கம், ரேடியோ எர்த் பின்பக்கம், இரண்டுக்கும் தொடர்பில்லை. ஏரியலில் அரெஸ்டரும் உண்டு. ஒரு மழையில் ரேடியோ, அதன் பவர் சப்ளை இரண்டுமே கருகிவிட்டன.

எர்த் கம்பி:
அம்மா, நான் சொன்ன பானை அதுதான். பின்பக்க மண்ணில் மின்னோட்டம் இறங்கியதும் அந்த மண்ணின் மின்னழுத்தமே ஏறிவிடும். முன்பக்கம் ஏறாது. இரண்டையும் இணைத்த ஒரே கம்பி உங்கள் ரேடியோ. எத்தனை எர்த் போட்டாலும் சரி, வெளியே தடித்த கம்பியால் ஒன்றாகக் கட்டிவிட வேண்டும். மின்சாரம், ஏரியல், தொலைபேசி எல்லாம் ஒரே இடம் வழியாக உள்ளே வந்தால் இன்னும் நல்லது.

சிற்றலைப் பித்தன்:
சரி, தனி எர்த் தப்புதான். ஆனால் 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிக்மான் என்ற விஞ்ஞானி செத்ததை மறக்காதீர்கள். கூரையிலிருந்து கம்பியை அறைக்குள் கொண்டுவந்து மின்னலை அளக்கப் பார்த்தார். கருவியிலிருந்து நெற்றிக்குப் பாய்ந்தது. கம்பியை உள்ளே விட்டதே வினை.

எர்த் கம்பி:
அந்தக் கம்பிக்கு எர்த் இல்லை, ஐயா! என் கட்சிக்கு நீங்களே சாட்சி கொடுத்துவிட்டீர்கள்.

சிற்றலைப் பித்தன்:
ஹா! இருந்தாலும் உள்ளே விட்டது தப்புதான். பழைய ஆட்கள் ஏரியல் கேபிளைக் கழற்றி அதன் முனையைக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டுவைப்பார்கள். நானும் நெடுநாள் செய்திருக்கிறேன்.

எர்த் கம்பி:
ஜாடி மனத்துக்குத்தான் ஆறுதல். முனை அறைக்குள் கிடந்தால் பொறி பக்கத்து மேசைக்குத் தாவும். கழற்றுவதானால் சுவருக்கு வெளியே கழற்றி, முனையை எர்த்தோடு சேருங்கள். அதுவும் வானம் கறுக்கும்போதே. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் 3 நொடி என்றால் 1 கிலோமீட்டர். இடி காதில் விழுந்துவிட்டாலே அடுத்தது உங்கள் தலைக்கு மேல் விழலாம். அப்போது ஏரியலைத் தொடுவது ரிக்மான் வேலை.

ஃபியூஸ் போனவன்:
ஒரு சந்தேகம். என் புரொடெக்டரில் பச்சை விளக்கு இன்னும் எரிகிறதே?

எர்த் கம்பி:
உள்ளே இருப்பது துத்தநாக ஆக்சைடு வில்லை. ஒவ்வொரு பெரிய அடியிலும் கொஞ்சம் தேயும். வேரிஸ்டர் இணைப்பில் இருக்கிறதா என்பதைத்தான் பெரும்பாலும் அந்த விளக்கு காட்டும், எவ்வளவு மிச்சம் என்று காட்டாது. மாற்றிவிடுங்கள்.

சிற்றலைப் பித்தன்:
ரேடியோவில் ஏரியல் சாக்கெட்டை ஒட்டிய முதல் டிரான்சிஸ்டரையும் அதன் முன்னாலுள்ள டையோடுகளையும் பாருங்கள். மற்றது பெரும்பாலும் பிழைத்திருக்கும். எர்த் கம்பி, கடைசியாக நேராகச் சொல்லுங்கள். எல்லா எர்த்தையும் கட்டிய பிறகு, உங்கள் வீட்டில் மழைக்கு முன் பிளக்கைப் பிடுங்குவீர்களா மாட்டீர்களா?

எர்த் கம்பி:
பிடுங்குவேன். வீட்டில் இருந்தால்.