கணக்குப் பிரிவின் வேலை என்ட்ரி போடுவது மட்டும்தானா?

பேரேடு எழுதியது:
ஒரு உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. பில் சரிபார்ப்பது, என்ட்ரி போடுவது, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது, மாதக் கடைசியில் இரவு வரை உட்காருவது, அவ்வளவுதான் என் வேலை. போன வாரம் ஒரு கூட்டத்தில் விற்பனை மேலாளர் எல்லார் முன்னாலும் "நாங்கள் சம்பாதிக்கிறோம், இவர்கள் எழுதி வைக்கிறார்கள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நிர்வாக முடிவுகளில் கணக்காளரின் பங்கு, வணிகச் சூழலில் கணக்காளரின் பங்கு என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். என் மேசையிலிருந்து பார்த்தால் அந்தப் பங்கு எதுவும் கண்ணில் படவில்லை. என்ட்ரியிலும் பாதியை இப்போது மென்பொருளே போட்டுவிடுகிறது. அப்புறம் நான் எதற்கு?

கூட்டல்கழித்தல் எழுதியது:
அவர் சொன்னதில் பாதி உண்மைதான், கோபப்படாதீர்கள். எழுதி வைப்பதும் சின்ன வேலை இல்லை. 1494-ல் வெனிஸில், ஒவ்வொரு வரவுசெலவையும் இரண்டு கணக்கில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலாக அச்சில் விளக்கிய லூகா பாச்சியோலி, வியாபாரம் செய்கிறவனுக்கு வேண்டியவை என்று மூன்றைச் சொல்கிறார்: கையில் பணம், நல்ல கணக்குப்பிள்ளை, ஒழுங்காக எழுதிய கணக்கு. மூன்றில் இரண்டு நம்முடையது!

இனி மீதிப் பாதி. நான் அடக்கவிலைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருள் தொடர்ந்து நட்டம் காட்டுகிறது, நிறுத்திவிடலாம் என்று ஒருமுறை முடிவெடுத்தேவிட்டார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். விற்பனை 100 என்று வைத்துக்கொண்டால் மூலப்பொருள், கூலி என்று உற்பத்தியோடு சேர்ந்து கூடிக் குறையும் செலவு 70. வாடகை, அலுவலகச் சம்பளம் போன்ற பொதுச் செலவில் அந்தப் பொருளின் தலையில் கட்டியது 35. ஆக 5 நட்டம். பொருளை நிறுத்தினால் 70 நிற்கும், சரி. அந்த 35 எங்கே போகும்? எங்கும் போகாது, அடுத்த பொருளின் தலையில் ஏறி உட்காரும். நிறுத்தியிருந்தால் நிறுவனத்தின் மொத்த லாபத்தில் 30 குறைந்திருக்கும், அதோடு நட்டம் காட்டும் அடுத்த பொருளும் தயாராகியிருக்கும். மென்பொருள் அந்த 5 நட்டத்தைப் பிசகில்லாமல்தான் அச்சடித்துக் கொடுத்தது. அந்த 35 யார் சொல்லி அங்கே வந்தது என்று கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

உங்கள் மேலாளரிடம் இன்னொன்றும் கேளுங்கள். வாடிக்கையாளருக்கு 90 நாள் தவணை கொடுத்துவிட்டு, சரக்கு தருகிறவருக்கு 30 நாளில் பணம் கட்டினால் நடுவில் 60 நாள் யார் பணத்தில் ஓடுகிறது? விற்பனை ஏற ஏற அந்தப் பள்ளமும் பெரிதாகும். நல்ல லாபம் காட்டுகிற நிறுவனம் சம்பளம் போட முடியாமல் திணறுவது இப்படித்தான். இதை மூன்று மாதம் முன்னாலேயே சொல்லக்கூடியது வரவேண்டிய பாக்கிப் பட்டியலைத் தினமும் பார்க்கிற ஆள், அதாவது நீங்கள்.

சிவப்புமை எழுதியது:
நாங்கள் வெறுமனே எழுதிவைக்கிறவர்கள் என்றால் இன்சென்டிவ் கணக்கு போடுகிற நாளில் மட்டும் விற்பனைப் பிரிவு முழுக்க நம் மேசையைச் சுற்றி நிற்பது ஏன் என்று கேளுங்கள் :)

நைட்ஆடிட் எழுதியது:
நான் வெளித்தணிக்கைப் பக்கம், அதனால் இதை வெளியிலிருந்துதான் பார்ப்பேன். கடன் கொடுத்த வங்கி, வரித்துறை, பங்கு வைத்திருப்பவர்கள், தவணையில் சரக்கு அனுப்புகிறவர் யாருமே உங்கள் தொழிற்சாலைக்குள் வந்து பார்ப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பதெல்லாம் நீங்கள் எழுதியதிலிருந்து வந்த தாள்தான். அதை நம்பித்தான் கடன் கொடுக்கிறார்கள், முதலீடு போடுகிறார்கள், சரக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தாளில் கேட்கிற விஷயமும் வருடா வருடம் கூடுகிறது. பருவநிலை மாற்றத்தால் நிறுவனத்துக்கு என்ன ஆபத்து என்று வெளியிடச் சொல்லும் சர்வதேசத் தரநிலையே 2023-ல் வந்துவிட்டது. தொழிற்சாலை எவ்வளவு புகை விடுகிறது என்பதும் மெல்ல மெல்ல நம் மேசைக்கு வந்து சேர்கிறது.

பேரேடு எழுதியது:
நன்றி. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்த ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். அதே மேலாளர்தான். 2-ம் தேதி வண்டி ஏறப்போகிற ஒரு பெரிய ஆர்டரை இந்த மாத விற்பனையில் சேர்த்து இன்வாய்ஸ் போடச் சொல்கிறார். "இரண்டு நாள்தானே, எப்படியும் போகப்போகிற சரக்குதானே" என்கிறார். மாத இலக்குக்குக் கொஞ்சம் குறைகிறதாம். வாய்மொழியாகத்தான் சொன்னார். போட்டுவிட்டால் என்ன ஆகிவிடும்?

நைட்ஆடிட் எழுதியது:
போடாதீர்கள். சரக்கின் கட்டுப்பாடு வாங்குகிறவர் கைக்கு மாறும்போதுதான் அது விற்பனை, 2018-ல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்குத் தரநிலை சொல்வதும் அதுதான். சரக்கு உங்கள் கிடங்கிலேயே கிடக்க இன்வாய்ஸ் மட்டும் இருந்தால், அதே சரக்கு கையிருப்புப் பட்டியலிலும் நிற்கும் விற்பனையிலும் நிற்கும். மாதக் கடைசியை ஒட்டிய நாள்களின் இன்வாய்ஸையும் சரக்கு வெளியே போன ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நாங்கள் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று. தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், புத்திசாலித்தனம் எதுவும் தேவையில்லை.

அதைவிட முக்கியம், அடுத்த மாதம் 1-ம் தேதியிலேயே அந்த ஆர்டர் அளவுக்குப் பள்ளத்தோடு ஆரம்பிப்பீர்கள், அதை அடைக்க இதைவிடப் பெரிய ஒன்றை இழுத்துவரச் சொல்வார்கள். வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் நடந்தது இதன் பெரிய வடிவம். மற்ற தொலைபேசி நிறுவனங்களின் லைன்களைப் பயன்படுத்தியதற்குக் கொடுத்த கட்டணம் அன்றாடச் செலவு, அதைத் தூக்கி, பல வருடத்துக்குப் பிரித்து எழுதுகிற மூலதனச் செலவில் போட்டு லாபத்தைக் கூட்டிக் காட்டினார்கள். 2002-ல் சிந்தியா கூப்பரின் உள்தணிக்கைக் குழு, இரவில் சத்தமில்லாமல் பதிவுகளைத் தோண்டி அதைக் கண்டுபிடித்தது. முதலில் வெளியே வந்தது மட்டும் சுமார் 380 கோடி டாலர். தலைமை அதிகாரிக்கு 25 வருடச் சிறை, அது எல்லாருக்கும் தெரியும். மேலே சொன்னார்கள் என்று என்ட்ரி போட்ட இடைநிலைக் கணக்காளர்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், அதில் ஒருவர் 5 மாதம் உள்ளே போனார் என்பது பலருக்குத் தெரியாது. அந்த என்ட்ரி பிடிக்காமல் ராஜினாமா எழுதலாமா என்று நினைத்து, அப்புறம் இந்த ஒருமுறை மட்டும் என்று உட்கார்ந்தவர் அவர்.

கூட்டல்கழித்தல் எழுதியது:
சண்டை போட வேண்டாம். "இந்த ஆர்டருக்குக் கிடங்கிலிருந்து வெளியே போன ரசீது வந்ததும் அந்தத் தேதியில் இன்வாய்ஸ் போட்டுவிடுகிறேன்" என்று ஒரே வரியில் மேலாளருக்கு மெயில் போடுங்கள், உங்கள் நிதிப் பிரிவுத் தலைவருக்கும் ஒரு நகல் வையுங்கள். வாயால் சொன்னதை எழுத்தில் கேட்க மாட்டார். கேட்டால் அது உங்கள் மட்டத்தில் முடிகிற விஷயம் இல்லை, தலைவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பேரேடு எழுதியது:
மெயில் அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது, "சும்மா கேட்டேன்பா, அதுக்கு மெயிலெல்லாம் எதுக்கு" என்றார். இன்வாய்ஸ் 2-ம் தேதிதான்.