டம்ளர் மெழுகுவத்தி ஒரு பக்கமாவே உருகுது, திரியை மாத்தணுமா?

செங்காங் மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுலேயே சோயா மெழுகு உருக்கி, கண்ணாடி டம்ளர்ல மெழுகுவத்தி ஊத்துறேன். டம்ளர் உள்ளளவு 7.5 செ.மீ. பின்னல் பருத்தித் திரி, அதைப் பிடிச்சிருக்கிற அடித்தகட்டை டம்ளர் அடியில ஸ்டிக்கர் வச்சு ஒட்டுறேன். வாசனைத் தைலம் மெழுகு எடையில 8 சதவீதம், மல்லிகை. சாயம் எதுவும் போடலை. ஊத்தி 2 வாரம் மூடி வச்சுட்டுத்தான் ஏத்துறது.

வாசனை அருமையா வருது. எரியுறதுதான் சரியில்லை. 2 மணி நேரத்துல ஒரு பக்கம் கண்ணாடி வரைக்கும் உருகிடுது, எதிர்ப்பக்கம் விரல் தடிமனுக்கு மெழுகு அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது. உருகின பக்கத்துக் கண்ணாடியில கறுப்பா புகை வேற படியுது. தீபாவளிக்கு எங்க மாடியில எல்லா வீட்டுக்கும் ஒண்ணு குடுக்கணும்னு ஆசை. எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) நோன்புப் பெருநாளுக்கு வருஷம் தவறாம குவே பலகாரம் குடுத்து விடுறவங்க. அவங்க கையில அரைகுறையா எரியுற பொருளைக் குடுக்க மனசு வரலை. திரியை மாத்தணுமா, மெழுகை மாத்தணுமா?

பொங்கோல் பறவை:

திரி சின்னதா இருக்கும் சிஸ்டர். ஒரு சைஸ் ஏத்திப் பாருங்க.

தெம்பனிஸ் அக்கா:

மல்லி, திரியை இப்போதைக்குத் தொடாதீங்க. திரி சின்னதா இருந்தா சுத்தியும் ஒரே அளவு மெழுகு மிஞ்சும், நடுவுல மட்டும் குழியா இறங்கும். உங்களுக்கு ஒரு பக்கம் கண்ணாடி வரைக்கும் உருகுதுன்னா சூடு இருக்கு, அது நடுவுல இல்லை, அவ்வளவுதான். இப்போ பெரிய திரி போட்டா அந்தப் பக்கக் கண்ணாடி இன்னும் காயும், புகையும் கூடும்.

முதல்ல இதைச் செய்ங்க. உருகின பக்கம், கண்ணாடிக்கு வெளியில மார்க்கரால ஒரு கோடு போடுங்க. அணைச்சு, மெழுகு இறுகினதும் அதே மேசையில அதே இடத்துல வச்சு அரை வட்டம் திருப்பி மறுபடி ஏத்துங்க. கோடு போட்ட பக்கமே திரும்பவும் உருகினா கோளாறு டம்ளருக்குள்ள: திரி நடுவுல இல்லை, இல்லைன்னா சாய்ஞ்சிருக்கு. கோட்டுப் பக்கம் இல்லாம, முன்னாடி ரூம்ல எந்தத் திசை உருகுச்சோ அதே திசை உருகினா காத்து. இந்தச் சோதனை பண்ணாம திரி வாங்கிக் காசு போடாதீங்க.

நம்ம வீவக அடுக்குமாடி வீட்டுல வாசக்கதவும் அடுப்படி ஜன்னலும் திறந்திருந்தா காத்து ஹாலைக் குறுக்கே அறுத்துக்கிட்டுப் போகும், நமக்கு உடம்புல தெரியவே தெரியாது. மேல ஃபேன் வேற. ஏர்கான் ரூம்னாலும் தப்பிக்க முடியாது, அதோட இறக்கை ஆடுற ஒவ்வொரு தடவையும் சுடரும் ஆடும். குனிஞ்சு சுடரை நேர்மட்டத்துல பாருங்க. நுனி ஒரே பக்கமா சாய்ஞ்சு துடிச்சா காத்து தள்ளுது. சுடர் ஆடும்போது மெழுகு ஆவி முழுசா எரியாம கரியா வெளியேறும், நீங்க பார்த்த கறுப்பு அதுவாத்தான் இருக்கணும்.

ஒண்ணு, திரி நுனி எரியும்போது கொஞ்சம் வளையுறதைப் பார்த்துப் பயப்படாதீங்க. வளைஞ்ச நுனி சுடரோட வெளிவிளிம்புக்குப் போய்த் தானே எரிஞ்சு சாம்பலாகணும்னுதான் அப்படிப் பின்னுறாங்க. 19ஆம் நூற்றாண்டுல பின்னல் திரி வர்றதுக்கு முன்னாடி, எரிய எரிய ஆள் உட்கார்ந்து கருகின நுனியைக் கத்தரிக்க வேண்டியிருந்துச்சு. ஆனா திரி நீளமா விட்டா வளைவும் நீளும், சுடர் கண்ணாடிப் பக்கம் போயிடும். ஒவ்வொரு தடவை ஏத்துறதுக்கு முன்னாடியும் 5, 6 மில்லிமீட்டருக்கு வெட்டிடுங்க.

செங்காங் மல்லி:

அக்கா, ரெண்டு டம்ளர்ல செஞ்சு பார்த்தேன். ஒண்ணுல உருகுற பக்கம் மாறவே இல்லை, எப்படித் திருப்பினாலும் வாசக்கதவுப் பக்கம்தான். இன்னொண்ணுல கோடு எங்க போகுதோ அங்கதான் உருகுது. ஒரே நாள்ல, ஒரே பாத்திரத்துல இருந்து ஊத்தினது ரெண்டும்!

தெம்பனிஸ் அக்கா:

அப்படித்தான் வரும், ரெண்டுக்கும் காரணம் வேற. முதல் டம்ளர்ல குறையே இல்லை. கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி ஏத்துங்க, வட்டமா உருகும்.

ரெண்டாவதுல ஸ்கேல் வச்சு திரியில இருந்து நாலு பக்கக் கண்ணாடிக்கும் அளந்து பாருங்க, வித்தியாசம் தெரியும். அடித்தகடு நடுவுல ஒட்டியிருந்தா மட்டும் போதாது. சூடான மெழுகு பட்டதும் திரி தளர்ந்துடும், மேல பிடிமானம் வேணும். உணவங்காடியில தர்ற மரச் சாப்ஸ்டிக் இருக்கே, அதைப் பிளக்காம அந்த நடுப்பிளவுல திரியைச் செருகி டம்ளர் வாயில குறுக்கே வைங்க. விறைப்பா நிக்கணும், தகடு பிடுங்கிக்கிட்டு வர்ற மாதிரி இழுக்கக் கூடாது. மேல்மெழுகு முழுசா வெளுத்து இறுகுற வரைக்கும் எடுக்காதீங்க. இறுகும்போது டம்ளரை ஃபேனுக்கு நேரா வைக்காதீங்க.

அந்த ரெண்டாவதை யாருக்கும் குடுக்க வேண்டாம். சுடர் பக்கத்துல இருக்கிற கண்ணாடி மட்டும் காஞ்சா விரிசல் விடும். வெந்நீர்ல வச்சு உருக்கி, புதுத் திரி போட்டு ஊத்திடுங்க.

பொங்கோல் பறவை:

நன்றிக்கா, நானும் கோடு போட்டுப் பார்க்கிறேன். ஏற்கெனவே ஒரு பக்கம் மெழுகு நிக்கிறதை என்ன பண்றது?

தெம்பனிஸ் அக்கா:

அலுமினியத் தாளை டம்ளர் விளிம்பைச் சுத்தி மடக்கி, நடுவுல சுடருக்கு நல்ல அகலமா ஓட்டை விடுங்க. சூடு உள்ளேயே தங்கி ஒட்டின மெழுகு இளகி இறங்கும். பக்கத்துலேயே உட்காருங்க, தாளும் கண்ணாடியும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். இல்லைன்னா அணைச்சுட்டு ஹேர் டிரையரால மேல்பக்கம் முழுசா உருக்கிச் சமமாக்கலாம்.

லேசா ஒரு படலம் மட்டும் நின்னா விட்டுடுங்க. மெழுகு பாதிக்குக் கீழ இறங்கினதும் டம்ளருக்குள்ள சூடு சேரும், அந்தப் படலம் தானே உருகிடும். முதல் தடவையே எல்லாம் வழிச்சு உருகணும்னு பெரிய திரி போட்டா, கடைசியில டம்ளர் அடுப்பாயிடும்.

மல்லி, குடுக்கும்போது சின்ன அட்டை வைங்க: ஃபேனுக்கு நேர்கீழ வேண்டாம், முதல் தடவை 3 மணி நேரமாவது எரியணும், ஒரே மூச்சுல 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஆள் இல்லாத ரூம்ல வேண்டாம், அடியில 1 செ.மீ. மிஞ்சினதும் நிறுத்திடணும். மக்சிக்குக்கு மலாய்ல எழுதிக் குடுங்க.

செங்காங் மல்லி:

கண்டிப்பா எழுதுறேன் அக்கா. டம்ளர் பத்தலைன்னா காலி காயா ஜாம் பாட்டில்ல ஊத்தலாமா? நிறைய சேர்த்து வச்சிருக்கேன்.

தெம்பனிஸ் அக்கா:

வேண்டாம்மா. வாய் குறுகின பாட்டில்ல காத்து சரியா உள்ள போகாது, சுடர் திணறிப் புகையும், தோள்பட்டைக்குக் கீழ மெழுகு உருகாம தங்கும். மணிக்கணக்கா நெருப்பு பக்கத்துல இருக்கிறதுக்குச் செஞ்ச கண்ணாடியும் இல்லை அது. நேரா இருக்கிற, மெழுகுவத்திக்குன்னே விக்கிற டம்ளரா வாங்குங்க. தீபாவளிக்கு முன்னாடி 2 வாரம் ஆற வைக்கணும், அந்தக் கணக்குப் பார்த்து இப்பவே ஊத்த ஆரம்பிங்க.