சென்னை - சிங்கப்பூர்: போக 7 மணி நேரம், வர 2 மணி நேரம்கூட இல்லையா?

தண்டையார்பேட்டை தம்பி:
அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மா முதல் தடவையாக சிங்கப்பூர் போகிறார். டிக்கெட்டில் சென்னை இரவு 11.20, சிங்கப்பூர் காலை 6.10. கழித்தால் 6 மணி 50 நிமிடம். திரும்பும்போது இரவு 8.40-க்குக் கிளம்பி 10.25-க்கு மீனம்பாக்கமாம். வெறும் 1 மணி 45 நிமிடம்! தூரமோ ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போகும்போது விமானம், வரும்போது ராக்கெட்டா? ஏஜென்ட்டைக் கேட்டால் "எல்லாம் கரெக்டுதான்" என்று போனை வைத்துவிடுகிறார். அம்மாவுக்கு சர்க்கரை இருக்கிறது. எத்தனை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தால்தான் சாப்பாடு, மாத்திரைக்கு டாக்டரிடம் கேட்க முடியும்.

காசிமேடு அலை:
எதிர்காற்றாக இருக்கும் தம்பி. கடலில் நாங்கள் பார்க்காததா?

ராயபுரம் பழைய மாலுமி:
காற்று சில நிமிடங்களைத்தான் கூட்டும், குறைக்கும். அஞ்சு மணி நேரத்தை விழுங்காது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். 6.50-இல் இரண்டரையைக் கழியுங்கள், 4 மணி 20 நிமிடம். வரும்போது 1.45-உடன் கூட்டுங்கள், 4 மணி 15 நிமிடம். ஆக, இரண்டும் ஒன்றுதான்.

சூரியக் கணக்கில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல்தான். அவர்கள் கடிகாரத்தைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டார்கள். கடைசியாக 1982 ஜனவரி 1-இல் மலேசியாவோடு சேர்ந்து அரை மணி தள்ளினார்கள். அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் 2 மணி நேரம்தான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எம்.வி. சிதம்பரம் கப்பலில் போனவர்கள். 1985-இல் தீப்பிடித்ததே, அதே கப்பல். நாள்கணக்கில் போகும் கப்பலில் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார்கள், உடம்புக்குத் தெரியாது. விமானத்தில் ஒரே ராத்திரியில் இரண்டரை மணி நேரத் தூக்கம் போய்விடும்.

தண்டையார்பேட்டை தம்பி:
புரிந்தது அண்ணா. ஆனால் ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகுமே? 2,900-ஐ வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வரவில்லை.

ராயபுரம் பழைய மாலுமி:
டிக்கெட் நேரம் விமானம் இங்கே நிற்கும் இடத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். அந்த 850 மேலே சீராகப் பறக்கும்போது மட்டும். 2,900-மும் வரைபடத்தில் நேர்க்கோடு. விமானம் தனக்கென்று உள்ள பாதையில் கொஞ்சம் சுற்றித்தான் போகும்.

வண்ணாரப்பேட்டை வாசி:
டாக்டரிடம் நாலேகால் மணி நேரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார வேண்டும், அங்கே இறங்கியும் இமிக்ரேஷன் வரிசை. மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ மாறாமலேயே விமான நிலையம் போகிறது. ஏழு மணிக்கு ஏறிவிட்டால் போதும்.

தண்டையார்பேட்டை தம்பி:
நல்லவேளை கேட்டேன். 11.20-உடன் நாலேகாலைக் கூட்டி, மாமாவை விடியற்காலை மூன்றரைக்கே சிங்கப்பூர் ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். இப்போதுதான் போன் போட்டு மாற்றினேன், சிரிக்கிறார். மாத்திரை நேரத்தை நாளை டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன்.