இரும்புக்கு கேலிபரேஷன் கோடு பாதியில் படுத்துவிடுகிறது, அவசரம்

முதலாண்டு_மாணவி: வணக்கம். பினாந்த்ரோலின் முறையில் (அந்த வேதிப்பொருள் இரும்போடு சேர்ந்து தரும் நிறம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்து) இரும்பு பார்க்கிறேன். இரும்பின் அளவுக்கு எதிராக ஒளி உறிஞ்சலைப் போட்டால் கோடு நேராக ஏறி, பாதியில் படுத்துவிடுகிறது. மூன்று தடவை செய்துவிட்டேன். நாளை மறுநாள் ரெக்கார்டு வைக்க வேண்டும். என்ன தப்பு?

பிப்பெட்: அலைநீளம் எவ்வளவு? ஸ்டாண்டர்டுகள் (இரும்பின் அளவு தெரிந்த கரைசல்கள்) என்னென்ன? ரீடிங்கைப் போடுங்கள்.

ஒளிக்கற்றை: ஸ்ட்ரே லைட்தான், அதாவது கருவிக்குள் கசியும் வேண்டாத வெளிச்சம். பழைய கருவிகளில் இதுதான் தொல்லை.

பழைய_ஆய்வகம்: பீர்-லாம்பர்ட் விதி (ஒளி உறிஞ்சல் செறிவுக்கு நேர்விகிதம்) நீர்த்த கரைசலுக்குத்தான் பொருந்தும். பி.எஸ்சி. பாடம். எம்.எஸ்சி. வந்தும் இதைக் கேட்கலாமா?

முதலாண்டு_மாணவி: 510 நானோமீட்டர். 2, 4, 6, 8, 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). ரீடிங் 0.39, 0.78, 0.92, 0.93, 0.93. ஹைட்ராக்சிலமீன், அசிடேட் பஃபர் எல்லாம் போட்டேன்.

பிப்பெட்: ஐயா, 10 பிபிஎம் இரும்பு 0.0002 மோலார்கூட இல்லை. இது நீர்த்த கரைசல்தான்.

குவெட்: ஸ்ட்ரே லைட் என்றால் கோடு மெல்ல வளையும். இது 0.93இல் சுவரில் முட்டியதுபோல நிற்கிறது. பினாந்த்ரோலின் எத்தனை மில்லி?

பழைய_ஆய்வகம்: எக்செலில் கோட்டைப் பூஜ்யம் வழியாகப் போடுங்கள், சரியாகும்.

பிப்பெட்: தயவுசெய்து வேண்டாம். பிளாங்க் (இரும்பு சேர்க்காத கரைசல்) சரியாக இருந்தால் கோடு தானாகவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். வரவில்லை என்றால் அதுவே ஒரு தகவல், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பழைய_ஆய்வகம்: நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போட்டோம்.

முதலாண்டு_மாணவி: 0.1 சதவீதக் கரைசல், 100 மில்லி ஃபிளாஸ்க்குக்கு 5 மில்லி.

குவெட்: அதுதான் விஷயம். ஒரு இரும்பு அயனிக்கு மூன்று பினாந்த்ரோலின் வேண்டும். உங்கள் 10 பிபிஎம் ஃபிளாஸ்க்கில் 1 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அதற்கே 10.6 மில்லி தேவை. 5 மில்லி ஏறத்தாழ 4.7 பிபிஎம் வரைதான் போதும். மிச்ச இரும்பு நிறமில்லாமல் கிடக்கிறது. சந்தேகமிருந்தால் 6 பிபிஎம் ஃபிளாஸ்க் ஒன்றைப் புதிதாகப் போட்டு 10 மில்லி ஊற்றுங்கள், 1.17 பக்கம் வரும். ஆனால் ஒளிக்கற்றை சொன்னதையும் தள்ள வேண்டாம்: 10 பிபிஎம் முழுதாக நிறம் கொடுத்தால் ரீடிங் 2ஐ நெருங்கும், அங்கே பல கருவிகள் தடுமாறும். 1 முதல் 5 பிபிஎம் போதும். பிளாங்க் உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, 10 மில்லி.

முதலாண்டு_மாணவி: வந்துவிட்டது! 5 பிபிஎம் 0.98, கோடு நேர். ரொம்ப நன்றி.

பிப்பெட்: மகிழ்ச்சி. சாம்பிளையும் நீர்த்து, அந்த எல்லைக்குள் கொண்டுவந்தீர்களா?