ஸ்விட்சிலிருந்து பிங் போகிறது, பிசியிலிருந்து போகவில்லை: ஸ்டேட்டிக் ரூட்டில் என்ன விட்டுப்போச்சு?

வைகைக்கரை:
மதுரை கீழமாசி வீதி கடையில் சிஸ்கோ 3560 (ரூட்டிங்கும் செய்யும் ஸ்விட்ச்). கப்பலூர் சிட்கோ குடோனுக்கு பாயின்ட் டு பாயின்ட் ஃபைபர் (நடுவில் திருப்பரங்குன்றம் மலை நிற்பதால் ரேடியோ வேண்டாமென்று விட்டாச்சு). முன்பு கடை முழுக்க 192.168.1.0/24 ஒன்றுதான். இப்போது விலான்களாக (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரித்திருப்பது:

விலான் 10, கணக்குப் பிசிகள்: 192.168.10.1/24
விலான் 20, கேமரா: 192.168.20.1/24
விலான் 1: ஸ்விட்ச் 192.168.1.2, ஃபயர்வால் 192.168.1.1
போர்ட் 24, நோ ஸ்விட்ச்போர்ட் (விலானில் சேராமல் தனக்கே ஐபி முகவரி உள்ள போர்ட்): 10.10.10.1/30, எதிர்முனை குடோன் ரவுட்டர் 10.10.10.2
குடோன் லேன்: 192.168.50.0/24, பில்லிங் சர்வர் 192.168.50.10

ஐபி ரூட்டிங் ஆன். கையால் போட்ட ஸ்டேட்டிக் ரூட்: ஐபி ரூட் 192.168.50.0 255.255.255.0 கிகாபிட்ஈதர்நெட் 0/24. ஐபி டிஃபால்ட்-கேட்வே 192.168.1.1 பழையபடி இருக்கிறது.

ஸ்விட்சிலிருந்து 192.168.50.10 பிங் ஆகிறது (சோதனைப் பாக்கெட்டுக்குப் பதில் வருகிறது). விலான் 10 பிசியிலிருந்து ஆகவில்லை, அதில் இன்டர்நெட்டும் இல்லை. விலான் 20 டவுன் என்றே காட்டுகிறது. கேமரா இன்னும் மாட்டவில்லை.

கப்பலூர் கேபிள்:
அண்ணே, போகிற வழி சரி, திரும்புகிற வழி இல்லை. ஸ்விட்ச் அனுப்பும் பிங் 10.10.10.1 என்ற முகவரியில் கிளம்புகிறது. குடோன் ரவுட்டருக்கு அது பக்கத்து வீடு, பதில் வந்துவிடும். பிசியின் பாக்கெட் 192.168.10.x என்று போகிறது. அந்த நெட்வொர்க் எங்கே என்று குடோன் ரவுட்டருக்குத் தெரியாது. ஸ்விட்சிலேயே பிங் 192.168.50.10 சோர்ஸ் விலான் 10 என்று அடித்துப் பாருங்கள், அதுவும் போகாது.

குடோன் ரவுட்டரில்:
ஐபி ரூட் 192.168.10.0 255.255.255.0 10.10.10.1
192.168.20.0, 192.168.1.0 இரண்டுக்கும் இதே மாதிரி.

இன்டர்நெட் விஷயம் வேறு. ஐபி ரூட்டிங் ஆன் ஆனதும் ஐபி டிஃபால்ட்-கேட்வே வரியை ஸ்விட்ச் கண்டுகொள்ளாது. ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 192.168.1.1 போடணும். ஃபயர்வாலிலும் 192.168.10.0, 192.168.20.0 இரண்டுக்கும் 192.168.1.2 வழியாக ரூட் வேணும், நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) விதியிலும் அவை சேரணும். நாட்டை மறப்பவர்கள்தான் அதிகம். பிசியின் கேட்வே 192.168.10.1, ஃபயர்வால் முகவரி இல்லை.

விலான் 20-க்கு ஒன்றுமில்லை. அந்த விலானில் ஒரு போர்ட்டாவது அப் ஆகாதவரை அதன் இன்டர்ஃபேஸ் எழும்பாது. ஒரு லேப்டாப்பை அந்த விலான் போர்ட்டில் மாட்டுங்கள். அப்பவும் டவுன் என்றால் ஷோ விலான் பாருங்கள், விலான் 20 உருவாக்கப்படாமலே இருக்கலாம்.

ஒத்தக்கடை:
மேலே சொன்னதெல்லாம் சரி. அந்த ரூட்டில் போர்ட் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறீர்களே, அதையும் மாற்றுங்கள். ஈதர்நெட்டில் அப்படிப் போட்டால், குடோன் முழுக்கத் தன் கம்பியிலேயே இருக்கிறது என்று நினைத்து ஒவ்வொரு முகவரிக்கும் ஸ்விட்ச் தனித்தனியாக ஏஆர்பி (இந்த ஐபி எந்தக் கருவியுடையது என்ற கேள்வி) கேட்கும். எதிர் ரவுட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பி (மற்றவர்களுக்காகத் தானே பதில் சொல்வது) இருப்பதால்தான் இப்போது ஓடுகிறது. யாராவது அதை அணைத்தால் அம்புட்டுதான். நோ போட்டுப் பழைய வரியை எடுத்துவிட்டு, கடைசியில் 10.10.10.2 கொடுங்கள்.

வைகைக்கரை:
மூன்றும் மாற்றியாச்சு, பில்லிங்கும் இன்டர்நெட்டும் வருகிறது. சர்வர் பிங் ஆகிறது, ஆனால் குடோனில் ஒரு விண்டோஸ் பிசி மட்டும் பிங் ஆகவில்லை. ஃபைபர் அறுந்தால் ஃபயர்வால் விபிஎன் வழியாகப் போக வைக்க முடியுமா?

கப்பலூர் கேபிள்:
அந்தப் பிசியின் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்கை வழக்கமாகத் தடுக்கும்.

மாற்றுவழிக்கு ஐபி ரூட் 192.168.50.0 255.255.255.0 192.168.1.1 200. கடைசி எண் பெரிதாக இருப்பதால் முதல் ரூட் இருக்கும்வரை இது மேலே வராது. சிக்கல் என்னவென்றால், நடுவழியில் ஃபைபர் அறுந்தாலும் கடையிலிருக்கும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை ஈதர்நெட்டாக மாற்றும் பெட்டி) போர்ட்டை அப்பாகவே வைத்திருக்கலாம். அப்போது முதல் ரூட் டேபிளிலேயே உட்கார்ந்திருக்கும். ஐபி எஸ்எல்ஏ (தானாகவே தொடர்ந்து சோதிக்கும் வசதி) கொண்டு 10.10.10.2-ஐ பிங் செய்து, அதன் முடிவைக் கவனிக்கும் டிராக்கை முதல் ரூட்டோடு கட்டணும். உங்கள் மென்பொருள் உரிமத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குடோன் ரவுட்டரிலும் இதே ஏற்பாடு வேணும், இல்லையென்றால் பதில் அறுந்த கம்பிக்கே போகும்.

ஒத்தக்கடை:
குடோன் ரவுட்டரைக் கடையிலிருந்தே தொடுவதாக இருந்தால், முதலில் ரைட் (கான்ஃபிக்கைச் சேமிப்பது) அடித்துவிட்டு ரீலோடு இன் 10 (பத்து நிமிடம் கழித்து ரீஸ்டார்ட்) கொடுங்கள். ரூட் தப்பாகித் தொடர்பு போனாலும் பத்து நிமிடத்தில் பழைய கான்ஃபிக்கோடு எழும்பும், கப்பலூருக்கு வண்டி எடுக்க வேண்டாம். எல்லாம் ஓடினால் ரீலோடு கேன்சல், அப்புறம் மறுபடி ரைட்.